நல்ல நேரத்தில் போட்ட கனெக்ஷன்

அன்று காலை எங்கள் லாட்ஜின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்: முதலாளி, நாங்கள் சின்னவர் என்று கூப்பிடுகிற அவருடைய மகன், மேனேஜர் பஞ்சாட்சரம், சென்னைக் கம்பெனி அனுப்பிய கார்த்திக் தம்பி, ரிசப்ஷன் செல்வி, கற்பூரத் தட்டோடு ஐயர், மணல் வாளியோடு நான்.

அந்த அறை ஒரு ஆளும் ஒரு ஸ்டூலும் இருப்பதற்கு அளவெடுத்துக் கட்டியது. ஏழு பேர் நின்றால் ஏ.சி. திணறும். ஏ.சி. திணறினால் சர்வர் சூடாகும். சர்வர் சூடானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அதிகமாகப் பயந்தேன். இதில் கற்பூரம் வேறு. கதவு உள்பக்கமாகத் திறப்பது. தீப்பிடித்தால் யார் முதலில் விலகினால் கதவு திறக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாளி விலக வேண்டும். அவர் விலகுகிற ஆள் இல்லை.

இப்போது ரிசப்ஷனில் இருக்கிற பிள்ளைகள் என்னை எங்கே பார்த்தாலும், "கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினீங்களாமே, நெஜமாணா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எல்லாமே போனுக்குள் போய்விட்ட காலம். அந்த அறையில் இன்று போர்வையும் தலையணை உறையும் அடுக்கியிருக்கிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் நின்று சொல்லிக்கொண்டிருக்க முட்டி வலி விடுவதில்லை. எழுதிவிட்டால் படித்துக்கொள்வார்கள் என்றுதான் உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். வறுமை என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் பரீட்சை பயம். பதினாலு வயதில் செங்கம் ரோட்டில் இருக்கிற இந்த லாட்ஜில் வெந்நீர் வாளி தூக்கச் சேர்ந்தேன். பிறகு மாடி வராண்டா, பிறகு சாமான் அறை. நாற்பத்தாறு அறைகளுக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். டிப்ளமா படித்த இரண்டு பேர் வந்தார்கள். மேனேஜர் பஞ்சாட்சரம் அவர்களை அனுப்பிவிட்டு முதலாளியிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"படிச்சவன் எதையாவது நோண்டிப் பாப்பான் சார். ஏழுமல பயந்தவன். தொடவே மாட்டான்."

என் தகுதி அவ்வளவுதான். அதை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். தூசி துடைப்பேன், ஏ.சி. ஓடுகிறதா என்று பார்ப்பேன், கரண்ட் போனால் பேட்டரி கத்துவதைக் கேட்டு நானும் கத்துவேன்.

மேனேஜரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். மூடியைத் திறந்து நான் பார்த்ததில்லை. எந்த விஷயத்தைச் சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்பார். முடித்ததும், "எழுத்துல இருக்கா?" என்பார். இல்லையென்றால் விஷயம் அதோடு முடிந்தது. எழுதிக்கொண்டு போனால், "இதை யாரு எழுதச் சொன்னது?" என்பார். அப்போதும் முடிந்தது. இப்படியே எந்தத் தப்பும் தன் பக்கம் ஒதுங்காமல் உத்தியோகம் பார்த்தவர்.

பணப் பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று கேஷியரிடம். அந்தப் பழக்கத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தார். பாஸ்வேர்டின் முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. அவர் தட்டும்போது நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எத்தனை தட்டு தட்டினார் என்று காதால் எண்ணிவிடக் கூடாது என்பதால் "சிவ சிவ" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி சிவ சிவ சொல்லுவார், நான் என் பாதியைத் தட்டுவேன். பல நாள் தப்பு என்று வரும். "என் பாதி சரிய்யா" என்பார். என் பாதியும் சரிதான். தப்பு யாருடையது என்று உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஏற்பாடு. அதனாலேயே அது அவ்வளவு வருஷம் நீடித்தது.

இனி கனெக்ஷன் கதை.

எங்கள் ஊரில், மலையைச் சுற்றக் கூட்டம் வருகிற பௌர்ணமிதான் லாட்ஜுக்குப் படி அளக்கிற நாள். ஊரே அறை கேட்கும். எங்கள் அறைகளை ஒரு வெப்சைட்டிலும் விற்க ஆரம்பித்திருந்தோம். அங்கே யாராவது அறை எடுத்தால் மெயில் வரும். செல்வி அதைப் பார்த்து எங்கள் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்ற வேண்டும். அதற்குள் போனில் ஒருத்தர் கேட்டு, அதே அறையைக் கொடுத்திருப்போம். இப்படி ஒரு பௌர்ணமிக்கு மூன்று அறைகள் டபுள் ஆகி, பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று டைனிங் ஹாலில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தது. காலையில் அவர்களைச் சுற்றி இட்லி பரிமாற வேண்டியதாயிற்று.

அப்போதுதான் சின்னவர் டேட்டா இன்டெக்ரேஷன் சாஃப்ட்வேர் வாங்கினார். வந்து இறங்கிய கார்த்திக் தம்பி எனக்கு விளக்கினார்.

"வெப்சைட்காரங்ககிட்ட ஒரு டேங்க் இருக்குணா. நம்ம லாட்ஜ்ல ஒரு டேங்க் இருக்கு. நடுவுல பைப் போடறோம். கால் மணிக்கு ஒரு தடவை அங்க இருக்கிறது இங்க வந்துடும்."

"பைப் ஒடைஞ்சா தம்பி?"

"ஒடையாதுணா."

"ரிவர்ஸ்ல போனா?"

"போவாதுணா. நீங்க டீ சாப்பிட்டீங்களா?"

முதலாளி எங்கள் இரண்டு பேரையும், அதாவது என்னையும் செல்வியையும், கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். "இதுக்கு மேல ஒரு ரூம் டபுள் ஆச்சுனா சும்மா விட மாட்டேன். செல்வி, நீ வீட்டுக்குப் போயிடு. ஏழுமல, நீ ரிட்டயர் ஆவறதுக்கு இன்னும் ஆறு மாசம். உன் செட்டில்மென்ட்டுல புடிச்சிடுவேன்."

என் செட்டில்மென்ட் என்பது மாடியில் ஒரு அறை எழுப்பி, தளம் போடக் காத்திருந்த வீடு. மழை பெய்தால் நனைந்துகொண்டிருந்தது.

கனெக்ஷன் போடுவது பார்க்க எளிதாகத்தான் இருந்தது. திரையில் சில கட்டங்கள். எந்த வகை டேட்டாபேஸ், சர்வர் எங்கே இருக்கிறது, எந்த வாசல் எண், டேட்டாபேஸின் பெயர், யார் கேட்கிறார்கள், பாஸ்வேர்ட். கீழே "டெஸ்ட் கனெக்ஷன்" என்று ஒரு பட்டன். அழுத்தினால் பச்சை அல்லது சிவப்பு. முதல் நாள் சாயங்காலம் கார்த்திக் அழுத்திப் பார்த்தார். சிவப்பு. வெப்சைட்காரர்கள் தங்கள் பக்கத்து வாசலில் எங்கள் லாட்ஜ் பெயரைச் சேர்க்கவில்லையாம். காவலாளிக்குச் சொல்லாமல் விருந்தாளியை அனுப்பின மாதிரி. போன் செய்தால் டிக்கெட் போடுங்கள் என்றார்கள். டிக்கெட் போட்டார். இரண்டு வேலை நாள் ஆகும் என்று பதில் வந்தது.

கார்த்திக் முதலாளியிடம் போய் விவரம் சொன்னபோது நானும் வாசலில் நின்றிருந்தேன்.

"சார், நாளைக்கு டெஸ்ட் பண்ணா ஃபெயில் ஆவலாம் சார்."

"நாளைக்குக் காலைல நல்ல நேரம் குறிச்சாச்சு. ஐயருக்குச் சொல்லியாச்சு. கேசரிக்கு ரவை வாங்கியாச்சு. நல்ல நேரத்துல எப்படி ஃபெயில் ஆவும்?"

"ஃபெயில் ஆவுதா பாஸ் ஆவுதான்னு பாக்கத்தான் சார் டெஸ்ட்டே."

"இன்னா தம்பி பேசற? கல்யாணத்துல தாலிய எடுத்து டெஸ்ட் பண்ணியா பாப்பாங்க? நான் அமுக்குவேன். பச்சை வரணும். அவ்ளோதான்."

தம்பி வெளியே வந்தபோது முகம் சுண்டியிருந்தது. சென்னைக்குப் போன் போட்டு, வராண்டாவில் நடந்துகொண்டே பேசினார்.

மறுநாள் எல்லாரும் அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். சர்வருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார் ஐயர். பழம் அழுகிச் சாறு உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். மேனேஜர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். முதலாளி கிழக்கே பார்த்து நிற்க வேண்டும் என்றார் ஐயர். கிழக்கே பார்த்தால் திரை முதுகுப் பக்கம் வந்தது. கடைசியில் கிழக்கே பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, செல்வி அவர் விரலைப் பிடித்து மவுஸ் மேல் வைக்க, முதலாளி அழுத்தினார்.

பச்சை.

"பாத்தியா?" என்றார் முதலாளி, கார்த்திக்கைப் பார்த்து. சின்னவர் கை தட்டினார். ஐயர் கற்பூரத்தைத் தூக்கிக் காட்டினார். நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டேன். முதலாளி சர்வருக்கும் அதன் பின்னால் போகிற இன்டர்நெட் ஒயருக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் கயிறு கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். "இனிமே இதை எவனும் தொடக் கூடாது. தொட்டா நேரம் கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கேசரி சாப்பிடப் போனார்.

அறையில் சின்னவரும் கார்த்திக்கும் நானும் மட்டும் மிஞ்சினோம். தம்பி மெதுவாகச் சொன்னார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இது நெஜ டேட்டாபேஸ் இல்ல. வெப்சைட்காரங்க பயிற்சிக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க. அது எல்லாருக்கும் திறந்திருக்கும். பச்சை வரணுமேன்னு அதுக்குக் கனெக்ஷன் குடுத்துட்டேன். ரெண்டு நாள்ல நெஜத்துக்கு மாத்திடலாம், ஒரு கட்டத்துல பேரு மாத்தினா போதும்."

"அப்பா இப்பதான் கயிறு கட்டிட்டுப் போறாரு. மறுபடியும் தொடணும்னா மறுபடியும் நல்ல நேரம் பாக்கச் சொல்லுவாரு. பௌர்ணமி முடியட்டும்பா."

"அது வரைக்கும் டம்மி டேட்டா உள்ள வரும் சார்."

"டம்மிதானே? வந்துட்டுப் போவட்டும். அவங்க என்ன, நேர்ல வந்தா தங்கப் போறாங்க?"

சின்னவர் சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர். அதோடு நிற்காமல், இனி மெயில் அனுப்ப வேண்டாம், அதெல்லாம் பழைய முறை என்று வெப்சைட்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். அடுத்து மேனேஜர் வந்து, சாஃப்ட்வேரைத் திறக்கிற பாஸ்வேர்டை முறைப்படி மாற்ற வேண்டும் என்றார். நான் சுவரைப் பார்த்து சிவ சிவ சொன்னேன். அவர் சுவரைப் பார்த்து சிவ சிவ சொன்னார். கார்த்திக் இதைப் பார்த்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவராலும் அதைத் திறக்க முடியாது.

நான் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானமே மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்தக் கனெக்ஷன் பயிற்சிக் கணக்குக்குப் போவுதாம் சார்."

கண்ணை மூடிக் கேட்டார். "எழுத்துல இருக்கா?"

"தம்பி வாயால சொன்னாரு சார். சின்னவரும் கேட்டாரு."

"யோவ், போன வருஷம் ஏ.சி. வெடிக்கும்னு சொன்ன. வெடிச்சிதா? பேட்டரிக்குள்ள பல்லி பூந்திருக்கு, லாட்ஜே எரியும்னு சொன்ன. எரிஞ்சிதா? கார்த்திகை தீபத்தன்னிக்கு மலை மேல இருந்து நெருப்புப் பறந்து வந்து சர்வர்ல விழும்னு ஈரச் சாக்கு கேட்ட. போய் எலுமிச்சம்பழத்தப் பாத்துக்க."

எல்லாம் உண்மை. நான் சொன்னது எதுவும் அதுவரை நடந்ததில்லை. என் மேல் எனக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது.

இரண்டு நாளில் செல்வி என்னைக் கூப்பிட்டாள். திரையில் பௌர்ணமி நாள். நாற்பத்தாறு அறையும் நிரம்பியிருந்தது.

"அண்ணா, இத வந்து பாருங்களேன். ரமேஷ் ஒண்ணு, ரமேஷ் ரெண்டு, ரமேஷ் மூணுன்னு நாப்பத்தாறு வரைக்கும் போவுது. எல்லாருக்கும் ஒரே போன் நம்பர். எல்லாம் ஒன்பது. எல்லாரும் ஒரே தேதில பொறந்திருக்காங்க."

முதலாளியிடம் சொன்னோம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னாலேயே லாட்ஜ் நிரம்பியது சரித்திரத்தில் இல்லை.

"முதலாளி, எல்லாரும் ரமேஷா இருக்காங்க" என்றாள் செல்வி.

"அண்ணன் தம்பியா இருப்பானுங்க."

"நாப்பத்தாறு அண்ணன் தம்பியா?"

"குலதெய்வத்துப் பேரு வெச்சிருப்பாங்கம்மா. எங்க பங்காளி வீட்ல எல்லாருமே அண்ணாமலைதான். நம்பர் போட்டுத்தான் கூப்புடறோம்."

மேனேஜர் கண்ணைத் திறக்காமலே, "டூர் பார்ட்டி. லீடர் நம்பரைப் போட்டிருப்பாங்க" என்றார். அதோடு அது முடிந்துபோனது. ஐயருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்து லாட்ஜ்காரர் வந்து, "எந்த ஐயர் குறிச்சாரு? விலாசம் குடுங்க" என்று எழுதிக்கொண்டு போனார். சின்னவர் என்னைத் தனியாகப் பார்த்தபோது கண் சிமிட்டினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது, ஆனால் அப்பாவிடம் சொல்லும் பயம் அதைவிடப் பெரியது.

அந்தப் பத்து நாளும் போனில் அறை கேட்டவர்களுக்கெல்லாம் செல்வி இல்லை என்றாள். ஒரு ரமேஷைத் தைரியமாக அழித்தும் பார்த்தாள். கால் மணி நேரத்தில் பைப் திரும்பவும் அவனைக் கொண்டுவந்து அதே அறையில் படுக்க வைத்தது. பைப் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பௌர்ணமி அன்று பன்னிரண்டு மணிக்கு அறை திறக்கும் நேரம். ஒரு ரமேஷும் வரவில்லை. வந்தவர்கள் வேறு. ஓசூரிலிருந்து ஒருவர், மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகளோடு வந்து போனை நீட்டினார்.

"பணம் கட்டி புக் பண்ணியிருக்கேங்க. இதோ பாருங்க."

செல்வி திரையைப் பார்த்தாள். அவர் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? நிஜ டேங்க்குக்குப் பைப்பே போடவில்லையே. அவருக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் எங்கள் லாட்ஜ் படம். ஒரு மணிக்கெல்லாம் வரிசை ரோட்டில் டீக்கடை வரை போய்விட்டது.

"எங்க ரூமுல யாரு இருக்காங்க?" என்றார் ஓசூர்க்காரர்.

"ரமேஷ்னு ஒருத்தர் பேருல இருக்கு சார்."

"வந்துட்டாரா?"

"வரல."

"வரமாட்டாரு. சாவியக் குடும்மா. எங்க மாமியாருக்குக் கால் வீங்கிக்குச்சு."

செல்வி மேனேஜர் அறையைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. முதலாளி ஊருக்கு வெளியே ரோட்டோரம் அன்னதானம் போட்டுக்கொண்டிருந்தார். மைக் சத்தத்தில் போன் எடுக்கவில்லை. சின்னவர் எடுத்தார். "அப்பாவைக் கேளுங்க" என்றார்.

"ஒயரைப் புடுங்கிடுங்கணா" என்றாள் செல்வி என்னிடம். "பைப்பு நின்னுடும். நான் ரமேஷ எல்லாம் அழிச்சிட்டு இவங்கள ஏத்திடறேன்."

ஓடினேன். ஒயரைப் பார்த்தேன். மஞ்சள் கயிற்றையும் மூன்று முடிச்சையும் பார்த்தேன். என் வீட்டு மாடியில் தளம் இல்லாத அறை கண்ணுக்குத் தெரிந்தது. கை போகவில்லை. முறைப்படி பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து நிறுத்திவிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதற்கு முன்பாதி வேண்டும். முன்பாதி கிரிவலம் போயிருந்தது.

மேனேஜர் பஞ்சாட்சரம் பௌர்ணமி திதி பிறந்ததும் சுற்றக் கிளம்பிவிடுவார். வழியில் இருக்கிற ஒவ்வொரு லிங்கத்துக்கும் நின்று கும்பிட்டுப் போகிறவர். ஆட்டோவை விட மாட்டார்கள் என்பதால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் போய் எம லிங்கத்தின் அருகே அவரைப் பிடித்தேன்.

"சார், லாட்ஜ்ல ரகளை சார். உங்க பாதியச் சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். வாயைத் தொட்டுக் காட்டினார். கிரிவலம் முடியும் வரை மௌன விரதம்.

"சார், காதுல சொல்லுங்க. நான் சிவ சிவன்னு சொல்லிக்கறேன்."

தலையை ஆட்டினார்.

"எழுதியாவது குடுங்க சார்."

இரண்டு பேனா வைத்திருக்கிற மனிதர் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட விதி. நடந்துகொண்டே இருந்தார். நானும் பக்கவாட்டில் நடந்துகொண்டே கெஞ்சினேன்.

"சார், ஓசூர்லருந்து ஒரு அம்மா கால் வீங்கி உக்காந்திருக்காங்க சார். செல்விய அடிக்க வராங்க சார்."

பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்தார். "யோவ், இன்னா ஆளுய்யா நீ? மனுசன் புண்ணியத்துக்கு மௌனமா போறாரு, கூடவே வந்து அதக் குலைக்கிறியே."

"பாஸ்வேர்ட் வேணுங்க" என்றேன்.

"அவனவன் மோட்சம் கேக்கறான். நீ பாஸ்வேர்ட் கேக்கற."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மலையை நோக்கிக் கையைக் காட்டி, பிறகு ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார். சுற்றி முடித்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. செல்வி.

"எங்க இருக்கீங்கணா?"

"மேனேஜர் சார்கூட. வாய தெறக்க மாட்டேங்கறாரும்மா."

"விடுங்க. வந்து சேருங்க. முடிச்சிட்டேன்."

வெயிலில் திரும்பி வந்து சேர்ந்தபோது ரிசப்ஷனில் ஒருவர்கூட இல்லை. சாவி மாட்டுகிற பலகை காலி. மாடியிலிருந்து குழந்தைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. செல்வி நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். திரை கறுப்பாக இருந்தது.

"என்னம்மா பண்ண?"

"ஸ்கிரீன ஆஃப் பண்ணேன். போன்ல புக்கிங் காட்டினவங்களுக்கெல்லாம் சாவி குடுத்தேன். நாப்பத்தாறும் முடிஞ்சிது."

"ரமேஷுங்க வந்தா?"

"வந்தா என் மடியில படுத்துக்கட்டும்ணா."

இருபது வருஷமாக நான் பயந்து காத்த கம்ப்யூட்டரில் இப்படி ஒரு வசதி இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பௌர்ணமிக்கு அறை எடுத்தவர் வராவிட்டாலும் ஒரு நாள் வாடகை உண்டு என்பது எங்கள் விதி. கம்ப்யூட்டர் விதி தவறாது. மறுநாள் திரையைப் போட்டதும் நாற்பத்தாறு ரமேஷ்கள் பேரிலும் பில் போட்டு, பணம் வரவில்லை என்று சிவப்பில் நிறுத்தியிருந்தது. உண்மையில் தங்கியவர்கள் கட்டிய பணம் வெப்சைட் வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. லாட்ஜுக்குப் பைசா நஷ்டமில்லை. ஆனால் கணக்குப்படி ஒவ்வொரு அறையிலும் இரண்டு பேர்.

கிரிவலம் முடித்து, மௌனம் கலைத்து, குளித்துவிட்டு வந்த மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நாப்பத்தாறும் டபுள்."

செல்வி அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். இரண்டே நாளில், ஐயரின் விலாசத்தை எழுதிக்கொண்டு போனாரே, அந்தப் பக்கத்து லாட்ஜ்காரர், அவளைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கனெக்ஷனைப் பிற்பாடு கார்த்திக் தம்பி வந்து, வேறொரு நல்ல நேரத்தில், ஒரு கட்டத்தில் ஒரு பெயரை மாற்றிச் சரிசெய்தார். அதற்குக் கேசரி இல்லை.

என் கதைதான் முடியவில்லை. ஆறு மாதம் கழித்து ஓய்வு பெறும்போது செட்டில்மென்ட் கேட்டு முதலாளி முன் நின்றேன்.

"ரமேஷ் பாக்கி நிக்குதே ஏழுமல."

"முதலாளி, ரமேஷ்னு யாருமே இல்லீங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளுபடி பண்ணிட்டா முடிஞ்சிது."

முதலாளி கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து நின்று பரிமாறியவர்.

"நான் கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? ரமேஷ் வரலன்னு அர்த்தம். ரமேஷ் வரலன்னா, அன்னிக்குப் பச்சை வந்தது பொய்யின்னு அர்த்தம். நான் கெழக்கப் பாத்து அமுக்கினேன்யா. ஐயர் குறிச்ச நேரம். அத நான் எப்படிப் பொய்யின்னு எழுதிக் குடுக்கறது? நீ அவனுங்களப் புடிச்சி வசூல் பண்ணிக் குடு. மறுநாளே உன் பணத்த எடுத்துக்க."

மேனேஜரிடம் போனேன். "முதலாளி சொன்னது எழுத்துல இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அந்த ஒன்பதுகள் நம்பருக்கு நான் இப்போதும் மாதம் ஒரு முறை போன் செய்கிறேன். சரிபார்த்துவிட்டுக் கூப்பிடச் சொல்லி ஒரு பெண் குரல் வருகிறது. மாடி அறைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். இன்றைய தேதிக்கு ரமேஷ் ஒன்று முதல் ரமேஷ் நாற்பத்தாறு வரை, தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம், வர வேண்டிய பாக்கி ரூபாய் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம்.